வந்த மண்ணைச் சொந்த மண்ணாக்கிய கால்டுவெல்

பிறந்த மண்ணை விட்டுப் பிரிந்து வாழ்தல், தமிழ் இலக்கணம் பண்டே ஆராய்ந்த பொருளாகும். ஓதற் பிரிவு, தூதிற் பிரிவு, பகைவயிற் பிரிவு, பொருள்வயிற் பிரிவு என நம் முன்னோர் அதனை வகைப்படுத்தினர். இந்நாளிலும் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சென்று உழைப்போர் இல்லாத தெரு நம் ஊர்ப்புறங்களில் அரிதே. அவ்வாறு சென்றோர் ஒவ்வொருவரும் மூன்று பொறுப்புகளைச் சுமந்து நிற்கின்றனர். ஒன்று, ஏற்ற பணி. மற்றொன்று, ஊருக்கு எப்போது போவது, எப்போது திரும்புவது என்னும் பயணக் கணக்கு. மூன்றாவது, விட்டு வந்த நண்பர்க்கும் புதிதாகக் கிடைத்த நண்பர்க்கும் செய்ய வேண்டிய கடமை. இம்மூன்றையும் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் ஒருசேரச் சுமந்த ஒருவர் தமிழ்நாட்டில் வாழ்ந்திருக்கிறார். அவர் நம் நாட்டிலிருந்து வெளியே சென்றவர் அல்லர். வெளியிலிருந்து நம்மிடம் வந்தவர். அவரே இராபர்ட் கால்டுவெல்.

கால்டுவெல் என்றவுடன் ஒப்பிலக்கண நூலே நம் நினைவுக்கு வரும். அந்நூலின் பெருமையை நம் மாணவர் வகுப்பறையில் பலகாலும் கேட்டிருக்கின்றனர். அயல்நாட்டில் வாழ்ந்த மனிதர் என்ற நிலையில் அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை ஈண்டு நாம் காண்போம்.

புறப்பாடு

கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் வட்டாரத்திலுள்ள கிளாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர். எனவே பிறக்கும்போதே அவர் அயலூரில் பிறந்த பிள்ளை. பத்து வயதளவில் குடும்பம் கிளாஸ்கோ நகருக்குத் திரும்பியது. பதினாறாம் அகவையில் டப்ளின் சென்று ஓவியம் பயின்றார். பின்னர் மனம் சமயத் தொண்டில் சென்றது. இலண்டன் சங்கத்தின் சார்பில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கிரேக்கப் பேராசிரியர் சர் டேனியல் சாண்ட்போர்டின் விரிவுரைகள், மொழிகளை ஒப்பிட்டு நோக்கும் ஆர்வத்தை அவர் உள்ளத்தில் விதைத்தன.

1837ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 'மேரி ஆன்' என்னும் கப்பலில் ஏறினார். வழியில் பிரெஞ்சுக் கப்பலொன்றுடன் மோதல் நேர்ந்து பயணம் தடைப்பட்டது. நான்கு திங்களுக்கு மேல் கடலில் கழித்து 1838 சனவரி 8ஆம் நாள் சென்னையில் இறங்கினார். அந்நெடும் பயணத்திலும் அவருக்கு ஒரு நல்லூழ் வாய்த்தது. தெலுங்கு மொழிக்கு அகராதியும் இலக்கணமும் செய்த சி. பி. பிரௌன் அதே கப்பலில் வந்தார். இந்திய மண்ணில் காலூன்றும் முன்னரே இந்திய மொழிகளை அறிந்த நண்பர் ஒருவர் அவருக்குக் கிடைத்துவிட்டார்.

சென்னையில் மூன்றாண்டுகளுக்கு மேல் தங்கித் தமிழ் பயின்றார். திருக்குறளைப் பதிப்பித்து மொழிபெயர்த்த துரூ, தமிழ் ஆங்கில அகராதி செய்த வின்சுலோ, தமிழறிஞர் பவர் ஆகியோர் அக்காலத்துச் சென்னையில் வாழ்ந்த மேனாட்டுத் தமிழறிஞர் கூட்டத்தினர். அயலூரில் தம்மவரோடு கூடிக் கழிக்கும் நேரம் பெரும்பாலும் ஊர்ப்பேச்சிலும் உணவிலும் கரைந்துவிடும். இவர்தம் கூட்டத்திலோ தமிழே நடுவில் இருந்தது. அந்நட்பின் பயனைத் தமிழ் பெற்றது.

நடந்தே வந்தவர்

1841ஆம் ஆண்டு கால்டுவெல் சென்னையை விட்டுத் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அந்நாளில் வெள்ளையர் பல்லக்கிலோ குதிரையிலோ செல்வதே வழக்கம். அவரோ நடந்தார். கும்பகோணம், தஞ்சை, திருச்சிராப்பள்ளி வழியாக நீலகிரி சென்றார். அங்கே ஆயர் ஸ்பென்சரிடம் குருப்பட்டம் பெற்றார். பின்னர்க் கோவை, மதுரை வழியாக நெல்லைச் சீமைக்கு வந்து சேர்ந்தார். மக்களின் பேச்சையும் பழக்கவழக்கங்களையும் நேரில் அறிவதற்காகவே இவ்வழியை அவர் தேர்ந்துகொண்டார். விரைந்து சென்று சேர்வது ஒருவகைப் பயணம். வழியெல்லாம் பள்ளியாகக் கொள்வது மற்றொரு வகை. கால்டுவெல் இரண்டாம் வகையைச் சார்ந்தவர்.

1841ஆம் ஆண்டின் இறுதியில் அவர் சேர்ந்த இடம் இடையன்குடி. செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த சிற்றூர் அது. பனையேறும் பருவம் வந்தால் பொழுது புலருமுன்பே ஆடவர் தோப்புக்குச் சென்றுவிடுவர். பெண்டிர் பதநீர் காய்ச்சுவர். கற்கும் வாய்ப்பும் அவர்கட்கு மிகக் குறைவு. இவ்வூரில் கால்டுவெல் நிலம் வாங்கித் தெருக்களை ஒழுங்குபடுத்தினார். கிணறு வெட்டினார், மரங்கள் நட்டார், பள்ளிகள் தொடங்கினார். 1847இல் கோயில் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார். அது நிறைவுற்றுத் திறக்கப்பட்டது 1880ஆம் ஆண்டு சூலைத் திங்களில்தான். அடிக்கல்லுக்கும் திறப்பு விழாவுக்கும் இடையே முப்பத்து மூன்று ஆண்டுகள் உருண்டோடின. சில ஆண்டுகளில் ஊர் திரும்பிவிட எண்ணுபவர் இத்தகைய பணியைத் தொடங்கத் துணியமாட்டார்.

1844இல் எலைசா மால்ட் என்னும் நங்கையை மணந்தார். நாகர்கோவிலில் தொண்டாற்றிய சார்லஸ் மால்ட் அவர்களின் மகள் அவர். தமிழ் மண்ணில் வளர்ந்தவராதலால் பேச்சுத் தமிழ் அவருக்கு இயல்பாக வந்தது. நூல் தமிழைக் கணவர் ஆராய, வீட்டுத் தமிழையும் களத்துத் தமிழையும் மனைவி அறிந்திருந்தார். பெண்கள் பள்ளியை எலைசா நடத்தினார். நாகர்கோவிலில் தம் அன்னையார் தொடங்கிய பின்னல்வேலையை இடையன்குடிப் பெண்களுக்கும் கற்றுத் தந்தார். அத்தொழில் பல ஏழைக் குடும்பங்களுக்குக் கைப்பொருள் ஈட்டித் தந்தது. கால்டுவெல்லின் பணியைப் போற்றுவோர் இவ்வம்மையாரை மறத்தல் ஆகாது.

விடுமுறையும் வேலையும்

ஐம்பத்து மூன்று ஆண்டுக்காலத்தில் கால்டுவெல் தாயகம் சென்றது மூன்று முறையே. முதல் முறை 1854இல். வந்து பதினாறு ஆண்டுகள் கழிந்த பின்னர். உடல்நலக் குறைவே அப்பயணத்திற்குக் காரணம். இரண்டாம் முறை 1873இல். மூன்றாம் முறை 1883இல்.

இவ்விடுமுறைகளை அவர் எவ்வாறு கழித்தார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது. முதல் விடுமுறையின்போது, 1856ஆம் ஆண்டு, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இலண்டனில் வெளிவந்தது. அதே காலத்தில் பல ஊர்களுக்கும் சென்று நெல்லைத் தொண்டினைப் பற்றிச் சொற்பொழிவாற்றிப் பொருள் திரட்டினார். இரண்டாம் விடுமுறையின் பயனாக 1875இல் அவ்விலக்கணத்தின் விரிவான இரண்டாம் பதிப்பு வந்தது. இடையன்குடியில் நாள்முழுதும் பள்ளியும் கோயிலும் மக்கள் வழக்குகளும் அவர் நேரத்தை ஆட்கொண்டன. திரட்டிய குறிப்புகளை நூலாக்கும் ஓய்வு தாயகத்தில்தான் கிடைத்தது. ஆகவே, நெல்லையில் இருந்தபோது மக்களுக்கு உழைத்தார். விடுமுறையில் இருந்தபோது அம்மக்களின் மொழிக்கு உழைத்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் வழங்கி அவர் புலமையைச் சிறப்பித்தது.

நம் ஊர்களில் அவர் நூல்

அவர் வாழ்ந்த காலத்தில் நெல்லைச் சீமையின் வட எல்லை இன்றுள்ளதைவிட விரிந்தது. இன்று விருதுநகர் மாவட்டத்தில் அடங்கும் திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்தவை. 1910இல் இராமநாதபுர மாவட்டம் உருவானபோதே இப்பகுதி பிரிந்து சென்றது. எனவே இவ்விரண்டு ஊர்களும் கால்டுவெல் வரலாறு எழுதிய நிலத்தினுள் அடங்கியவையே.

அவர்தம் இலக்கணக் கொள்கைக்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இராசபாளையத்தின் தெருக்களில் சற்றே செவி கொடுத்தால் போதும். அங்கு வாழும் ராஜூக்கள் இல்லத்தில் தெலுங்கும் கடைவீதியில் தமிழும் பேசுவர். நாம் கண் என்பதை அவர் கன்னு என்பர்; நாம் பால் என்பதைப் பாலு என்பர்; நாம் ஊர் என்பதை ஊரு என்பர். இவை ஒன்றினிடமிருந்து மற்றொன்று கடன் வாங்கிய சொற்கள் அல்ல. ஒருதாய் வயிற்றுச் சொற்கள். கடன் வாங்கும் மொழி வணிகப் பொருள்களின் பெயரை வாங்கலாம். நான், நீ என்பவற்றையும் எண்ணுப் பெயர்களையும் வேற்றுமை உருபுகளையும் எளிதில் வாங்குவதில்லை. கால்டுவெல் ஒப்பிட்டவை இத்தகைய அடிப்படைக் கூறுகளே.

திருவில்லிபுத்தூர் தரும் சான்று வேறு வகையானது. ஆண்டாள் பிறந்த அவ்வூரின் வரலாற்றைத் தெலுங்கில் காப்பியமாக்கியவர் விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர். ஆமுக்தமால்யதா என்பது அக்காப்பியத்தின் பெயர். தமிழ்நங்கையின் கதையைத் தெலுங்கு வேந்தர் பாடியது இரு மொழியாரும் நெடுங்காலம் கலந்து வாழ்ந்தமையைக் காட்டும். இவ்வுறவை உணர்வால் அறிந்தோர் பலர். சென்னையில் ஆட்சியாளராக இருந்த எல்லிசு, 1816இல் வெளிவந்த காம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரைக் குறிப்பிலேயே இதனை அறிவுமுறையில் எடுத்துரைத்தார். பல மொழிகளையும் ஒருங்கு வைத்து, விரிவான இலக்கணமாக நிலைநாட்டியவர் கால்டுவெல். இரண்டாம் பதிப்பில் பன்னிரண்டு மொழிகளை அவர் இக்குடும்பத்தில் சேர்த்தார். இன்று அவ்வெண்ணிக்கை இருபதைக் கடந்துவிட்டது.

நட்பும் கருத்து வேறுபாடும்

கால்டுவெல்லின் நண்பருள் ஜி. யு. போப் தலைசிறந்தவர். போப் 1839இல் தமிழ்நாட்டிற்கு வந்து, 1842 முதல் நெல்லைச் சீமையின் சாயர்புரத்தில் கல்விப்பணி ஆற்றினார். இருவரும் ஒரே சீமையில் உழைத்தவர். இருவரும் தமிழில் தோய்ந்தவர். ஆயினும் தமிழின் உறவுமுறை பற்றிய கருத்தில் இருவரும் மாறுபட்டனர். தமிழும் அதன் இனமொழிகளும் ஐரோப்பிய மொழியினத்தோடு, சிறப்பாகக் கெல்டிக்கு, தியூத்தானிய மொழிகளோடு, நெருங்கியவை எனப் போப் கருதினார். சித்திய இனத்தோடு நெருங்கியவை எனக் கால்டுவெல் வாதிட்டார். இரண்டாம் பதிப்பில் போப்பின் கருத்தை எடுத்துக்காட்டியே மறுத்தார். இன்றைய மொழிநூலார் இவ்விரு முடிவுகளையும் ஏற்பதில்லை. திராவிட மொழிகளைத் தனிக்குடும்பமாகவே கொள்கின்றனர். முடிவு எதுவாயினும், உடன்பாடு இல்லாத இடத்தில் நண்பர் என்பதற்காக வாய்மூடாமல் கருத்தைக் கருத்தால் எதிர்கொண்டது நாம் கற்க வேண்டிய பண்பாகும்.

கடிதங்களின் வழி பெற்ற நட்பும் அவருக்கு உண்டு. மார்க்கோ போலோவின் பயண நூலைப் பதிப்பித்த என்றி யூலுக்குக் காயல் துறைமுகம் பற்றிய செய்திகளை அனுப்பி உதவினார். பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய அப்பெருந்துறை, தாமிரபருணியின் முகத்துவாரத்தை அடுத்த பழையகாயலே என்று நேரில் சென்று ஆராய்ந்து கூறினார். நிலத்தில் சிதறிக் கிடந்த சீன நாட்டு மட்பாண்டச் சில்லுகளும் அரபு வணிகத் தொடர்பின் தடயங்களும் அவருக்குச் சான்றாயின. கொற்கையிலும் அகழ்ந்து பார்த்தார். கடல் கடந்து வந்து தமிழ்நாட்டில் குடியேறிய அராபிய வணிகரின் சுவடுகளை, கடல் கடந்து வந்த மற்றொருவரே தேடிக் கண்டார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆறாத புண்

கால்டுவெல்லின் வாழ்வில் ஒளி மட்டுமே இருந்தது என்று கூறுவது வரலாறு ஆகாது. 1849இல் அவர் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அவர் எவரிடையே வாழ்ந்தாரோ, எவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினாரோ, அப்பனையேறும் மக்களைப் பற்றியது அந்நூல். தாயகத்தில் பொருளுதவி செய்வோர் இம்மக்களின் நிலையை அறிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆனால் அம்மக்களை இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர் என்றும், அறிவிலும் நாகரிகத்திலும் பின்தங்கியவர் என்றும் அதில் எழுதினார்.

எழுதியபோது அதனைப் படிப்போர் கடலுக்கு அப்பால் இருந்தனர். காலம் மாறியது. சமயத் தொண்டர் நடத்திய பள்ளிகளில் கற்ற நாடார் இளைஞர் ஆங்கிலம் அறிந்தனர். அந்நூலைத் தாமே படித்தனர். அவர்தம் உள்ளம் புண்பட்டது. எதிர்ப்புகள் எழுந்தன, மறுப்பு நூல்கள் வந்தன, அரசுக்கு விண்ணப்பங்கள் சென்றன. இறுதியில் அந்நூல் வழக்கிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

இந்நிகழ்ச்சியை நாம் மறைக்க வேண்டியதில்லை. அயலூரில் வாழ்வோர் அனைவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தாம் வாழும் இடத்து மக்களைப் பற்றித் தம் ஊருக்கு எழுதும்போது, அம்மக்கள் அதைப் படிக்கமாட்டார் என்ற எண்ணம் எழுதுகோலைத் தளர்த்திவிடுகிறது. இரக்கம் காட்டுவதாக எண்ணி எழுதும் சொல்லும் இழிவாகிவிடலாம். அண்டை வீட்டார் முன்னிலையில் உரக்கப் படிக்கத் தயங்காததை மட்டுமே ஒருவர் தம் ஊருக்கு எழுத வேண்டும். ஒரு மொழியின் வேர்களை அவ்வளவு நுண்ணிதாக ஆராய்ந்த பேரறிஞரே இதில் தவறினார் என்றால், ஏனையோர் எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும்!

வரலாற்றாசிரியர்

1881இல் அவர் எழுதிய திருநெல்வேலி மாவட்ட வரலாற்றைச் சென்னை அரசு வெளியிட்டது. பாண்டியர் காலந்தொட்டு 1801இல் ஆங்கிலக் கும்பினியார் ஆட்சி நிலைபெற்றது வரை அந்நூல் விரிகிறது. சிவகிரி, சேத்தூர், நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர் எனத் தென்காசிச் சாலையில் இன்று நாம் கடந்து செல்லும் ஊர்கள் பலவும் அவ்வரலாற்றில் பாளையங்களாகவும் போர்க்களங்களாகவும் காட்சி தருகின்றன. மேற்கு மலையடிவாரப் பாளையக்காரரை எதிர்த்துக் கான்சாகிபு என்னும் முகமது யூசுப்கான் நடத்திய படையெடுப்புகளில் திருவில்லிபுத்தூரும் இடம்பெற்றது. அதே யூசுப்கான் பின்னர் ஆங்கிலேயரை எதிர்த்து நின்று 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டதையும் அந்நூல் கூறுகிறது. இவ்வரலாறு ஆங்கிலேயர் ஆவணங்களையே பெரிதும் சார்ந்தது. பாளையக்காரர் தரப்பு அதில் போதிய இடம் பெறவில்லை என்பது உண்மை. ஆயினும் ஒரு மாவட்டத்திற்கெனத் தொடர்ச்சியான வரலாறு வகுத்த முன்னோடி நூல்களுள் அது ஒன்று என்பதில் ஐயமில்லை.

இறுதி நாட்கள்

1877 மார்ச்சு 11ஆம் நாள் கல்கத்தாவில் கால்டுவெல்லும் அவர்தம் உடன்பணியாளர் சார்ஜெண்டும் ஆயர்களாகத் திருநிலைப்படுத்தப்பெற்றனர். அது தாது ஆண்டுப் பெரும் பஞ்சத்தை அடுத்த காலம். அறுபது வயதைக் கடந்த அவர், பஞ்சத்தால் வாடிய மக்களுக்கு உதவும் பணியில் ஈடுபட்டார். ஓய்வெடுக்க வேண்டிய அகவையில் பயணம் மேலும் மிகுந்தது. பின்னர்த் தூத்துக்குடியைத் தம் பணியிடமாகக் கொண்டார்.

1891ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பதவியினின்று விலகினார். பணி முடிந்தது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர், தாயகம் திரும்பத் தடையேதும் இல்லை. ஆயினும் அவர் கோடைக்கானலில் தங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். அவர்தம் உடல் மலையிலிருந்து இறக்கப்பெற்று, நெடுவழி கடந்து இடையன்குடி சேர்ந்தது. அவர் கட்டிய கோயிலிலேயே அடக்கம் செய்யப்பெற்றது. 1899இல் மறைந்த எலைசா அம்மையாரும் அவ்வூரிலேயே துயில்கின்றார்.

1968இல் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை எழுப்பப்பெற்றது. 2010இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த இல்லம் அரசின் நினைவு இல்லமாக உள்ளது.

நம் மாணவருள் பலர் நாளை தொழில் தேடியோ கல்வி தேடியோ கடல் கடப்பர். அவர்க்கெல்லாம் இவ்வாழ்க்கை ஒரு கண்ணாடி. செல்லும் ஊரின் மொழியைக் கூலிக்காக மட்டுமன்றிக் காதலோடும் கற்க வேண்டும். நண்பரைப் பொழுதுபோக்குக்கு மட்டுமன்றி அறிவு வளர்ச்சிக்கும் தேட வேண்டும். விடுமுறைக்கு ஊர் வரும்போது பெட்டியில் பொருளோடு, சென்ற நாட்டு மக்களைப் பற்றிய நேர்மையான அறிவையும் கொண்டுவர வேண்டும். அங்குள்ளோரை இழிவாகப் பேசாத நாவையும் உடன்கொண்டு வர வேண்டும். கால்டுவெல் இவற்றுள் பலவற்றைச் செய்து காட்டினார், ஒன்றில் வழுவினார். செய்ததைப் பின்பற்றுவதும் வழுவியதை விலக்குவதும் நம் கடன்.